உயிர்க்கரி

உயிர்க்கரி அல்லது பயோசார் என்பது உமி, கரும்புச் சோகை, மக்காச்சோளத் தட்டை, மரக்கிளை போன்ற தாவரப் பொருள்களைக் காற்று மிகக் குறைவாக உள்ள நிலையில் சூடாக்கிப் பெறப்படும் கரி ஆகும். இது எரிபொருளாக அன்றி, மண்ணில் இடுவதற்காக உருவாக்கப்படுகின்றது. அடுப்பில் இடும் மரக்கரிக்கும் இதற்கும் பொருளளவில் பெரிய வேறுபாடு இல்லை. எரித்தால் மரக்கரி, மண்ணில் புதைத்தால் உயிர்க்கரி எனப் பயன்பாட்டைக் கொண்டே பெயர் அமைகின்றது.

உயிர்க்கரி எல்லா மண்ணுக்கும் ஏற்ற மருந்து எனப் பரவலாகக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று சரியன்று. ஒரே அளவு கரி ஓரிடத்தில் விளைச்சலைக் கூட்டவும், மற்றோரிடத்தில் எந்த மாற்றமும் தராதிருக்கவும், வேறோரிடத்தில் தீங்கு செய்யவும் கூடும். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் செம்மண் மேட்டுநிலம், ஆற்றுப்படுகைக் களிமண், உவர்நிலம், தொழிற்சாலைகளால் மாசுற்ற நிலம் ஆகிய நான்கும் அருகருகே அமைந்துள்ளன. எனவே இவ்வேறுபாடுகளை ஒரே மாவட்டத்திற்குள் காண இயலும்.

வரலாறு

தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில், வளமற்ற மஞ்சள், செந்நிற மண்ணுக்கு நடுவே ஆங்காங்கே ஆழ்ந்த கருநிற மண் திட்டுகள் காணப்படுகின்றன. போர்த்துக்கேய மொழியில் இவை 'டெர்ரா பிரேட்டா', அதாவது கரிய மண், எனப்படுகின்றன. சில இடங்களில் இவற்றின் ஆழம் 2 மீட்டர் வரை உள்ளது. இவை இயற்கையாக உருவானவை அல்ல. ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் கரி, எலும்பு, மீன்முள், பானையோடு, சாணம், குப்பை ஆகியவற்றைத் தொடர்ந்து கொட்டியதால் உண்டானவை. மழையால் சத்துகள் விரைவில் கழுவிச் செல்லப்படும் அந்நிலப்பகுதியில் இத்திட்டுகள் பல நூற்றாண்டுகள் கடந்தும் வளம் குன்றாமல் உள்ளன. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966இல் வெளியிட்ட அமேசான் மண் பற்றிய நூல் அறிவியலாளரின் கவனத்தை இவற்றின்பால் திருப்பியது. கரிய மண்ணின் வளம் கரியால் மட்டும் வந்ததன்று, கரியோடு சேர்ந்த எலும்பும் எருவும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது பல வேளைகளில் மறக்கப்படுகின்றது.

சப்பானில் உமியைக் கரியாக்கி நாற்றங்காலில் இடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அக்கரி அங்கு 'குந்தான்' எனப்படுகின்றது. மியாசாக்கி யாசுசதா 1697இல் எழுதிய வேளாண் நூலில், கருக்கிய கழிவுகளை மலக்கழிவில் ஊறவைத்து எருவாக இடும் முறை கூறப்பட்டுள்ளது. சப்பானிய அரசு 1984இல் கரியை மண்மேம்பாட்டுப் பொருளாக ஏற்றுக்கொண்டது.

'பயோசார்' என்னும் சொல் 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவலாக வழங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2006இல் நடந்த உலக மண்ணியல் மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பே பின்னர் பன்னாட்டு உயிர்க்கரி முனைப்பு எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள நடுவண் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பருத்தி, துவரை, ஆமணக்கு, மக்காச்சோளத் தண்டுகளைக் கரியாக்கும் எளிய உலை ஒன்றை உருவாக்கியது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சீமைக்கருவேலம், தேங்காய் ஓடு, நிலக்கடலைத் தோல், வைக்கோல் முதலியவற்றின் கரிகள் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. புனேயில் ஆனந்த் கார்வே நிறுவிய 'ஆர்ட்டி' என்னும் ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம் கரும்புச் சோகையைக் கரியாக்கும் உலைக்காக 2002இல் ஆசுடன் விருது பெற்றது. அந்நிறுவனம் தயாரித்தது அடுப்புக்கரி. எனினும் வயலில் கொளுத்தப்படும் சோகையை ஊரளவிலேயே கரியாக்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

உருவாகும் விதம்

தாவரப் பொருளைச் சூடாக்கும்போது முதலில் ஈரம் ஆவியாகின்றது. ஏறத்தாழ 220 பாகை செல்சியசுக்கு மேல் எமிசெல்லுலோசும், 315 முதல் 400 பாகை வரை செல்லுலோசும் சிதைகின்றன. லிக்னின் பரந்த வெப்ப எல்லையில் மெதுவாகச் சிதைவுறுகின்றது. வெளியேறும் ஆவிகளே தீச்சுவாலையாக எரிகின்றன. எஞ்சும் திண்மப் பொருளே கரி. ஆக்சிசன் போதிய அளவு கிடைத்தால் கரியும் எரிந்து சாம்பலாகிவிடும். இவ்வாறு காற்றின்றி வெப்பத்தால் சிதைத்தல் வெப்பச்சிதைப்பு எனப்படுகின்றது. உயிர்க்கரிக்கு வழக்கமாக 350 முதல் 700 பாகை வரை வெப்பம் பயன்படுத்தப்படும். மெதுவாகச் சூடாக்கினால் உலர்பொருளின் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரியாக மிஞ்சும். மூலப்பொருளிலிருந்த கரிமத்தில் ஏறத்தாழ பாதி இக்கரியில் தங்கும்.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தைக் கொண்டு கரி மூட்டம் போடுவது நன்கறியப்பட்ட தொழில். விறகை அடுக்கி, வைக்கோலாலும் மண்ணாலும் மூடி, சிறு துளைகள் விட்டுப் பல நாள்கள் புகைய விடுவர். இம்முறையில் ஆவிகள் எரியாமல் புகையாக வெளியேறுவதால் மீத்தேனும் நச்சுவளிகளும் காற்றில் கலக்கின்றன. காற்றுமண்டலத்தைக் காப்பதற்கென்று கரி சுடுவோர் மூட்ட முறையைக் கையாண்டால் அந்நோக்கமே ஓரளவு தோற்றுவிடும்.

கூம்பு வடிவக் குழி அல்லது உலோகத் தொட்டியில் எரிக்கும் முறை இதற்கு மாற்றாகும். சுவிட்சர்லாந்தில் 2014இல் 'கோன்-டிக்கி' என்னும் பெயரில் இவ்வகை உலை வடிவமைக்கப்பட்டது. அடியில் சிறிது விறகை மூட்டி, அதன் மேல் வெண்சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை இட வேண்டும். மேலடுக்கின் சுவாலை காற்றைத் தடுப்பதால் கீழடுக்கிலுள்ள கரி எரிவதில்லை. மேலெழும் ஆவிகளும் சுவாலையிலேயே எரிந்துவிடுவதால் புகை குறைகின்றது. குழி நிரம்பியதும் நீர் ஊற்றி முழுவதும் அணைக்க வேண்டும். அரைகுறையாக அணைந்த கரி மறுநாள் காலையில் சாம்பலாகக் கிடக்கும். ஈரமான சோகையும் கட்டாக அழுத்தப்பட்ட வைக்கோலும் இம்முறைக்கு ஏற்றவை அல்ல.

உமிக்கரியும் உமிச்சாம்பலும்

முன்பு பல் துலக்கப் பயன்பட்ட உமிக்கரி தமிழருக்குப் பழக்கமான ஒரு பொருள். அது ஒருவகையில் உயிர்க்கரியே. ஆனால் அரிசி ஆலைகளின் கொதிகலன்களிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சாலையோரம் குவிக்கப்படுவது பெரும்பாலும் உமிச்சாம்பல் ஆகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. முழுமையாக எரிந்த சாம்பல் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அதில் கரிமம் மிகக் குறைவு. அரைகுறையாக எரிந்தது கருமையாக இருக்கும். அதில் கரிமம் ஓரளவு மிஞ்சியிருக்கும். நெற்பயிர் சிலிக்காவை மிகுதியாக எடுத்துக்கொள்வதாலும், அதனால் தண்டு உறுதியடைவதாலும் சாம்பலும் பயனற்றதன்று. எனினும் அது உயிர்க்கரி செய்யும் பணியைச் செய்யாது. மிகுந்த வெப்பத்தில் எரிந்த உமிச்சாம்பலின் சிலிக்கா படிக வடிவம் பெறுகின்றது. அத்தூசியைத் தொடர்ந்து சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். ஆகையால் நீர் தெளித்த பின்னரே அதைக் கையாள வேண்டும்.

மண்ணில் செயற்படும் விதம்

கரியில் தாவர உயிரணுக்களின் குழாய் அமைப்பு அப்படியே எஞ்சியிருப்பதால் எண்ணற்ற நுண்துளைகள் காணப்படுகின்றன. இவை நீரைப் பிடித்து வைக்கின்றன. நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகவும் அமைகின்றன. மணற்பாங்கான மண்ணில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஏற்கனவே நீரைப் பிடித்துவைக்கும் களிமண்ணில் அது மிகக் குறைவு. நாளடைவில் கரியின் மேற்பரப்பு ஆக்சிசனேற்றம் அடைந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றது. அதன்பின் அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேர்மின்னயனிகளைப் பற்றி, மழைநீரில் கரைந்து செல்லாமல் காக்கின்றது. புதுக்கரிக்கு இத்திறன் குறைவு.

பெரும்பாலான உயிர்க்கரிகள் காரத்தன்மை உடையவை. அமில மண்ணில் இவை சுண்ணாம்பு இட்டது போன்ற விளைவைத் தருகின்றன. வேரைப் பாதிக்கும் அலுமினியத்தின் நச்சுத்தன்மை குறைகின்றது. சைமன் செஃப்ரி முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, வெப்பமண்டல நாடுகளில் உயிர்க்கரியால் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியது. மிதவெப்ப நாடுகளில் கூடவில்லை. வெப்பமண்டலத்தில் அமிலத்தன்மையும் சத்துக் குறைவும் கொண்ட மண் மிகுதியாக இருப்பதே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. வெப்பமண்டலத்தில் உள்ளது என்பதாலேயே ஒரு வயல் இச்சராசரிக்குள் அடங்கிவிடாது.

புதுக்கரியை நேரடியாக வயலில் இடுவது உழவர் அடிக்கடி செய்யும் தவறாகும். வெறுங்கரி மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் முதற்பருவத்தில் பயிர் மஞ்சளடையக்கூடும். எனவே கரியை நொறுக்கி, தொழுவுரம், மண்புழு உரம், மாட்டுச் சிறுநீர் ஆகியவற்றுடன் கலந்து சில வாரங்கள் வைத்திருந்து பின்னர் இடுவர். உயிர்க்கரி உரம் அன்று. உரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்.

கடலூர், சிதம்பரம் பகுதி

கடலூர் மாவட்டத்தின் வடக்கிலும் நடுவிலும் பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் சார்ந்த செம்மண் மேட்டுநிலம் உள்ளது. கடலூர் மணற்கல் எனப்படும் பாறைப்படிவத்தின் மேல் அமைந்த இம்மண் பெரும்பாலும் சற்று அமிலத்தன்மையும் குறைந்த கரிமச்சத்தும் கொண்டது. முந்திரியும் பலாவும் இங்கு சிறப்பாக விளைகின்றன. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டங்களில் வீராணம் ஏரியாலும் கொள்ளிடத்தாலும் பாசனம் பெறும் காவிரிப் படுகையின் கடைமடைக் களிமண் காணப்படுகின்றது. இது நடுநிலை முதல் காரத்தன்மை வரை உடையது. பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கமுள்ள கரையோர நிலங்களில் உவர்த்தன்மை உண்டு. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்கரையோரத்தில் கடல்நீர் புகுந்தது.

செம்மண் மேட்டுநிலமே உயிர்க்கரியால் மிகுந்த பயன் பெறத்தக்க பகுதி. அமிலத்தன்மை, மணற்பாங்கு, சத்துக் குறைவு ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே உள்ளன. சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் அதே அளவு கரி இட்டுப் பெரிய விளைச்சல் உயர்வை எதிர்பார்க்க இயலாது. உவர்நிலத்தில் இன்னும் கவனம் தேவை. கரியிலுள்ள சாம்பல் தானும் உப்புகளைக் கொண்டது, காரத்தன்மையைக் கூட்டவல்லது. சோடியம் மிகுந்த களர்நிலத்திற்கு ஜிப்சமும் வடிகாலுமே அடிப்படைத் தீர்வு. கரி அவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பயிர்க்கழிவு எவ்வளவு கிடைக்கும் என்பது அடுத்த வினா. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஓர் ஏக்கரில் 2.5 டன் நெல் விளைந்தால் 500 கிலோ உமி கிடைக்கும். அதைக் கரியாக்கினால் 200 கிலோவுக்கும் குறைவாகவே எஞ்சும். ஆய்வுகளில் எக்டேருக்கு 5 முதல் 20 டன் வரை கரி இடப்பட்டுள்ளது. அதாவது ஏக்கருக்குக் குறைந்தது 2 டன். இந்த அளவை எட்டப் பத்து ஏக்கருக்கும் மேற்பட்ட நெல்லின் உமி முழுவதும் வேண்டும். அவ்வுமியும் சும்மா கிடப்பதன்று. நெல் அவிக்கும் ஆலைகள் அதையே எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. வைக்கோலும் இப்பகுதியில் மாட்டுத் தீவனம். பஞ்சாபில் கொளுத்தப்படும் வைக்கோலை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட திட்டங்களைக் காவிரிப் படுகைக்கு அப்படியே பொருத்துவது, மாட்டின் வாயிலிருந்து தீவனத்தைப் பறிப்பதாக முடியும்.

உண்மையில் வீணாகும் பொருள் கரும்புச் சோகையே. கடலூர் மாவட்டம் நெடுங்காலமாகக் கரும்பு விளையும் பகுதி. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆகிய இடங்களில் சர்க்கரை ஆலைகள் அமைந்தன. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஆலையில் எஞ்சும் சக்கை மின்னாக்கத்திற்குச் செல்கின்றது. வயலில் எஞ்சும் சோகையோ பல இடங்களில் கொளுத்தப்படுகின்றது. ஏக்கருக்கு 3 முதல் 4 டன் உலர்சோகை கிடைத்தால் ஏறத்தாழ 1 டன் கரி பெறலாம். ஆயினும் மறுதாம்புக் கரும்பில் சோகையைப் பார்களுக்கிடையே மூடாக்காகப் பரப்புதல் ஈரம் காத்துக் களையை அடக்கும், செலவும் குறைவு. மூடாக்கு இட இயலாத வயல்களின் சோகையைக் கரியாக்குவதே பொருத்தமானது.

முந்திரி கவாத்துக் கிளைகள், சவுக்கு மிலாறு, மேற்குப் பகுதியின் மக்காச்சோளத் தட்டை, பருத்திமார் ஆகியனவும் பயன்படத்தக்கவை. பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக்கொட்டை ஓடு தனிக் கவனம் வேண்டுவது. அதிலுள்ள ஓட்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சூடாக்கும்போது எழும் ஆவி கண்ணையும் மூச்சையும் உறுத்தும். எண்ணெய் பிழிந்தெடுத்த ஓட்டை, ஆவியை எரிக்கும் வசதியுள்ள மூடிய உலையில் மட்டுமே கரியாக்க வேண்டும்.

நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியை உயிர்க்கரியுடன் குழப்பிக்கொள்ளல் ஆகாது. அது கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த தொல்கரிமம். அதை மண்ணில் இடுவதால் காற்றிலுள்ள கரியமில வாயு குறைவதில்லை.

சிப்காட் தொழிற்பேட்டைச் சூழல்

தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், சுருக்கமாகச் சிப்காட், 1971இல் தொடங்கப்பட்டது. அதன் கடலூர்த் தொழிற்பேட்டை 1980களில் கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றங்கரையில் உருவானது. வேதிப்பொருள், மருந்து, சாயம் சார்ந்த தொழிற்சாலைகள் அங்கு அமைந்தன. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடளவில் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 70 புள்ளிகளுக்கு மேற்பட்ட 43 பகுதிகளைக் கடும் மாசுற்றவை என வகைப்படுத்தியது. அப்பட்டியலில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் தொழிற்பேட்டையை ஒட்டியே உள்ளன.

மாசுற்ற நிலத்தில் உயிர்க்கரி இடுவது உலகெங்கும் ஆராயப்படும் முறை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களின் நேர்மின்னயனிகளையும் பல கரிம வேதிப்பொருள்களையும் கரி தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்வதால், பயிருக்குச் செல்லும் அளவு குறையக்கூடும். ஆனால் உலோகம் மண்ணைவிட்டு நீங்குவதில்லை. பிணைக்கப்பட்டு அங்கேயே கிடக்கின்றது. பிற்காலத்தில் மண்ணின் அமிலத்தன்மை மாறினால் மீண்டும் விடுபடலாம். ஆர்செனிக் நிலையோ வேறு. அது எதிர்மின்னயனியாக இருப்பதால், காரத்தன்மை கூடும்போது முன்னினும் எளிதாக நீரில் கலக்கக்கூடும். எனவே மண்ணில் எந்த மாசு உள்ளது என ஆய்வகத்தில் அறியாமல் இத்தகைய நிலத்தில் கரி இடுதல் முறையன்று. மாசை வெளியேற்றுபவர் அதைத் தடுக்க வேண்டிய கடமைக்கு உழவர் இடும் கரி ஈடாகவும் மாட்டாது.

இத்தகைய நிலத்தில் விளைந்த பயிரின் கழிவைக் கரியாக்குவது இன்னும் சிக்கலானது. மூலப்பொருளின் எடை மூன்றில் ஒன்றாகக் குறையும்போது, ஆவியாகாத உலோகங்கள் கரியில் ஏறத்தாழ மும்மடங்கு செறிவடைகின்றன. அக்கரி தூய நிலத்திற்குச் சென்றால் மாசும் உடன் செல்லும். தொழிற்சாலைகளிலிருந்து வரும் சாயம் பூசிய மரப்பலகை, நெகிழிப் பை, வேதிப்பொருள் சாக்கு ஆகியவற்றை உலையில் சேர்க்கக் கூடாது. குளோரின் கொண்ட பொருள்கள் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாகின்றது.

கரிமச் சேமிப்பும் சந்தையும்

மட்கும் தாவரப் பொருளின் கரிமம் சில ஆண்டுகளில் மீண்டும் காற்றை அடைகின்றது. உயிர்க்கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுகள் மண்ணில் நிலைத்திருக்கும். 70 விழுக்காடு கரிமம் கொண்ட ஒரு டன் மரக்கரி ஏறத்தாழ 2.5 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைக் கொண்டிருக்கும். சாம்பல் மிகுந்த உமிக்கரியில் இது வெகுவாகக் குறையும். இச்சேமிப்பைக் கணக்கிட்டு விற்கும் சந்தை 2019க்குப் பின் விரைவாக வளர்ந்தது. 2025 சனவரியில் கூகுள் நிறுவனம், குசராத்தில் சீமைக்கருவேலத்திலிருந்து உயிர்க்கரி தயாரிக்கும் வராகா என்னும் இந்திய நிறுவனத்திடமிருந்து 2030க்குள் 1,00,000 டன் அளவுக்குக் கரிம நீக்கச் சான்றுகளை வாங்க உடன்பட்டது. சந்தை விலை கொடுப்பது புதைக்கப்பட்ட கரிமத்திற்கே; வயலில் விளைச்சல் கூடியதா என்பதற்கு அன்று. தம் நிலத்தில் கரி இட இசையும் உழவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

தரம் அறிதல்

ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழ் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. வேளாண் பயன்பாட்டிற்கான கரியில் காட்மியம் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என அது வரையறுக்கின்றது. புற்றுநோய் விளைக்கும் பல்வளைய ஐதரோகார்பன்களுக்கும் எல்லை விதிக்கின்றது.

ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் சில எளிய சோதனைகள் உண்டு. நன்கு சுட்ட கரி விரல்களுக்கிடையே எளிதில் நொறுங்கும். கையில் ஒட்டிய கருமை வெறும் நீரிலேயே போய்விடும். பிசுபிசுப்பாக ஒட்டி, சவர்க்காரம் இட்டால்தான் போகுமென்றால் அதில் தார் மிகுந்துள்ளது. இரு சட்டிகளில் மண் எடுத்து, ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு பங்கு கரி கலந்து, இரண்டிலும் பச்சைப்பயறு விதைத்து முளைப்பை ஒப்பிடலாம். கரி கலந்த மண்ணையும் கலவாத மண்ணையும் ஒரே பெட்டியில் இரு பாதியாக நிரப்பி, நன்கு நனைத்து, நடுவே மண்புழுக்களை விடுவது மற்றொரு சோதனை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கையில் புழுக்கள் எல்லாம் கரியற்ற பாதிக்குச் சென்றிருந்தால் அக்கரியை வயலில் இடலாகாது.